ஸ்டாண்ட்பை இருந்தும் கிட்லேப் ஏன் படுத்துச்சு?

[திரையில்: பக்கத்துப் பக்கத்துல ரெண்டு கறுப்பு டெர்மினல். அச்சு அசல் ஒண்ணு போல.]

இதுல எது பிரைமரி, எது ஸ்டாண்ட்பைன்னு சொல்லுங்க பாப்போம். உத்துப் பாத்தாத்தான் தெரியும். டிபி1 தான் பிரைமரி, அதாவது வேலை நடக்கிற டேட்டாபேஸ் சர்வர். டிபி2 ஸ்டாண்ட்பை, அதாவது அது படுத்தா கைகொடுக்க நிக்கிற நகல். 2017 ஜனவரி 31, யூடிசி கணக்குல ராத்திரி பதினொன்றரை மணி வாக்குல, புரோகிராமர்கள் கோடு சேத்து வைக்கிற தளமான கிட்லேப்ல ஒரு இன்ஜினியர் டிபி2-ல அடிக்க வேண்டிய டெலிட் கமாண்டை டிபி1-ல அடிச்சுட்டார். ஒண்ணு ரெண்டு செகண்ட்ல சுதாரிச்சு நிறுத்தினார். அதுக்குள்ள சுமார் 300 ஜிபில மிஞ்சினது 4.5 ஜிபி.

சரி, ஸ்டாண்ட்பைதான் இருந்துச்சே, அதை எழுப்பியிருக்கலாமே?

[திரையில்: ஒரு கடை. மேசை மேல சிட்டை, அலமாரில பேரேடு.]

நம்மூர் மளிகைக் கடைல கணக்கு எப்படி எழுதுவாங்க? வியாபாரம் நடக்க நடக்க சிட்டைல வரிசையா கிறுக்கி வச்சுக்குவாங்க. சாவகாசமா அதைப் பேரேட்டுல ஏத்துவாங்க. கிட்லேப்போட டேட்டாபேஸ் மென்பொருளான போஸ்ட்கிரெஸும் அப்படித்தான். எந்த மாற்றமா இருந்தாலும் முதல்ல ரைட் அஹெட் லாக், அதாவது சிட்டை. டேபிள் ஃபைல்ங்கிற பேரேடு அப்புறம்தான். ரைட் அஹெட் லாக்கைச் சுருக்கமா 'வால்'னு சொல்வாங்க. பேரும் பொருந்துது பாருங்க, பிரைமரி பின்னாடியே போற சமாச்சாரம்தானே!

ஸ்டாண்ட்பைங்கிறது பக்கத்துக் கட்டடத்துல உக்காந்திருக்கிற இன்னொரு கணக்குப்பிள்ளை. சிட்டையோட நகல் அவருக்கு வந்துகிட்டே இருக்கும். அதே வரிசைல அவர் தன்னோட பேரேட்டுல ஏத்துவார். சொந்தமா ஒரு வரி எழுத மாட்டார். யாராவது கேட்டா கணக்கைப் படிச்சுக் காட்டுவார், அவ்வளவுதான். இந்தப் படிச்சுக் காட்டுற வசதி 2010-ல 9.0 பதிப்புல வந்தது.

இப்ப சிக்கலுக்கு வருவோம். சிட்டை 16 எம்பி ஃபைல்களா இருக்கும். பிரைமரி அதைக் காலத்துக்கும் வச்சுக்காது, பழசைத் தூக்கிடும். அன்னைக்கு டிபி1-ல லோடு எகிறிச்சு. டிபி2 பின்தங்கிடுச்சு. அதுக்கு வேண்டிய ஃபைல் வந்து சேர்றதுக்கு முன்னாடியே டிபி1 அதை அழிச்சாச்சு. அழியற சிட்டையை வேற இடத்துல எடுத்து வைக்கிற ஆர்க்கைவ் ஏற்பாடும் அங்க இல்ல. நடுவுல பக்கம் கிழிஞ்ச சிட்டையை வச்சுகிட்டு எந்தக் கணக்குப்பிள்ளையாலயும் மேல எழுத முடியாது. அதனால டிபி2-ஐக் காலி பண்ணிட்டு முதல்லேருந்து காப்பி எடுக்கணும்.

காப்பி எடுக்கிற பிஜி பேஸ்பேக்கப்ங்கிற கருவி, பிரைமரில செக்பாயின்ட், அதாவது அதுவரைக்குமான மாற்றத்தைப் பேரேட்டுல ஏத்தற வேலை, முடியற வரைக்கும் ஒரு வார்த்தை பேசாம காத்துகிட்டு இருக்கும். பாக்கறவங்களுக்கு அது தொங்கிப்போன மாதிரிதான் இருக்கும். டேட்டா ஃபோல்டர்ல ஏதோ மிச்சம் கிடக்கு, அதான் தகராறுன்னு அந்த இன்ஜினியர் நினைச்சார். அழிப்போம்னு கமாண்டை அடிச்சார். வேற ஜன்னல்ல.

ஆக, டிபி2 ஏற்கெனவே காலி. டிபி1 இப்ப காலி.

பேக்கப்? தினமும் எடுக்கிறதாத்தான் ஏற்பாடு. ஆனா சர்வர் 9.6, பேக்கப் கருவி 9.2. ஒத்துக்காம தினமும் ஃபெயில் ஆகிட்டிருந்துச்சு. ஃபெயில் ஆச்சுன்னு சொல்ல வேண்டிய மெயிலும் டிஜிட்டல் கையெழுத்துச் சரியில்லைன்னு திருப்பி அனுப்பப்பட்டுச்சு. கடைசில கைகொடுத்தது, வேற வேலைக்காக அன்னைக்கு சாயங்காலம் 5:20-க்குத் தற்செயலா எடுத்து வச்ச ஒரு ஸ்னாப்ஷாட், அதாவது அந்த நேரத்து டேட்டாவோட நகல். அதுக்கப்புறம் நடந்த ஆறு மணி நேர மாற்றம் போனது போனதுதான். சைட் திரும்பி வர சுமார் 18 மணி நேரம் ஆச்சு.

[திரையில்: டிபி2 பச்சை விளக்கோட.]

இப்ப ஒரு கற்பனை. அன்னைக்கு டிபி2 நல்லா இருந்திருந்தா? தப்பிச்சிருப்பாங்க. ஃபைலை அழிக்கிறது ஓஎஸ் செய்யற வேலை, அது சிட்டைல ஏறாது. ஆனா அவர் தவறுதலா அடிச்சது டிராப் டேபிள், அதாவது ஒரு டேபிளையே தூக்கற டேட்டாபேஸ் கமாண்டுன்னு வைங்க. அது சிட்டைல ஏறும். கண் மூடித் திறக்கறதுக்குள்ள ஸ்டாண்ட்பைலயும் அந்த டேபிள் காணாமப் போயிருக்கும். ஸ்டாண்ட்பை இருக்கு, பேக்கப் எதுக்குன்னு கேக்கறவங்களை நானும் நிறையப் பாத்திருக்கேன். அவங்ககிட்ட இந்த ஒரு உதாரணத்தைத்தான் சொல்வேன்.

இதுக்கு ஒரு அழகான வைத்தியம் 2014-ல 9.4 பதிப்புல வந்தது: வேணும்னே தாமதமா ஓடற ஸ்டாண்ட்பை. ரெக்கவரி மின் அப்ளை டிலேன்னு ஒரு செட்டிங். சிட்டை உடனுக்குடன் வந்து சேந்துடும், பேரேட்டுல ஏத்துறது மட்டும் நீங்க சொன்ன நேரம் கழிச்சு. மதியம் 2:10-க்கு யாரோ டேபிளைத் தூக்கிட்டாங்க, மூணு மணிக்குத் தெரியுதுன்னா, ஸ்டாண்ட்பையை அப்படியே நிறுத்தி வைங்க. 2:09 வரைக்கும் மட்டும் ஏத்துன்னு சொல்லுங்க. டேபிள் அங்க பத்திரமா இருக்கும். சிட்டை சேர்ந்துகிட்டே போகும், அதனால டிஸ்க்ல இடம் தாராளமா விடணும். பிரைமரி படுத்தா உடனே எழுப்பறதுக்குத் தாமதமில்லாத ஸ்டாண்ட்பை தனியா ஒண்ணு வேணும்.

கிட்லேப்பும் பின்னாடி இப்படி ஒண்ணு வச்சுகிட்டாங்க. அது எட்டு மணி நேரம் பின்தங்கி ஓடற மாதிரி.