கூண்டில் ஏற வேண்டியது சோறு அல்ல!

(தலைப்பு: இன்றைய நோய்களுக்குக் காரணம் மாவுச்சத்தா, அதை நாம் உண்ணும் விதமா? ‘உண்ணும் விதமே’ அணியின் உரை)

நடுவர் ஐயா அவர்களே, கோபிச்செட்டிபாளையத்துப் பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கமுங்க.

எதிரணி அண்ணன் இப்பத்தான் சொல்லீட்டுப் போனாருங்க: "சோத்தை நிறுத்துனேன், ஒரே வாரத்துல மூணு கிலோ இறங்கிருச்சு"ன்னு. நீங்களும் கை தட்டுனீங்க. அந்த மூணு கிலோ என்னதுன்னு யாராச்சும் கேட்டீங்களா?

சோத்துல இருக்கற மாவுச்சத்து செரிச்சுக் குளுக்கோஸா மாறுது. உடனே செலவாகாததுல ஒரு பங்கு கிளைக்கோஜனாகிக் கல்லீரல்லயும் தசையிலயும் போய் உக்காந்துக்குது. பெரியவங்க உடம்புல சுமார் 500 கிராம் இருக்கும். ஒவ்வொரு கிராமும் கிட்டத்தட்ட 3 கிராம் தண்ணியைப் பிடிச்சு வெச்சிருக்கும். ரெண்டையும் கூட்டுனா 2 கிலோ! சோத்தை நிறுத்துனா முதல்ல கரையறது இதுதானுங்க. அண்ணன் இறக்குனதுல பெரும்பங்கு கொழுப்பில்லை, தண்ணி. ரெண்டு நாளைக்கு அரிசிம்பருப்புச் சாதம் சாப்பிட்டுப் பாக்கட்டும், போனது பூராவும் வீடு வந்து சேந்துரும்.

அதுமட்டுமில்லைங்க. மூளைக்கு மட்டுமே நாளைக்குச் சுமார் 120 கிராம் குளுக்கோஸ் வேணும். பட்டினி நீண்டா, கொழுப்புல இருந்து கல்லீரல் உண்டாக்கற கீட்டோன்ங்கற எரிபொருளை வெச்சும் ஓட்டிக்கும், ஒத்துக்கறேன். ஆனா இன்னைக்கு மாவுச்சத்தைத் திட்டுறதுக்கே அண்ணனுக்கு மாவுச்சத்துதான் தெம்பு குடுத்திருக்குது!

மாவுச்சத்து கிராமுக்கு 4 கலோரி, கொழுப்பு 9. பள்ளிபாளையம் சிக்கனை எண்ணெய் மிதக்கத் தின்னுபோட்டு, பக்கத்துல இருந்த சோத்து மேல பழி போட்டா எப்படிங்க?

உமியை மட்டும் நீக்குன கம்பும் மாவுச்சத்துதான், மைதா பரோட்டாவும் மாவுச்சத்துதான். கம்புல நார்ச்சத்து இருக்குது, மெதுவாச் செரிக்கும். மைதாவுல அதைச் சலிச்சுத் தள்ளுனது யாருங்க? பெரியவங்களுக்கு நாளைக்கு 25 கிராமாவது நார்ச்சத்து வேணும்னு உலக சுகாதார நிறுவனம் 2023லயே சொல்லிருச்சு.

இன்னொண்ணு. நாட்டுச்சக்கரைக்குப் பேர்போன கவுந்தப்பாடிக்காரங்க கோவிச்சுக்கக் கூடாது. நாட்டுச்சக்கரைன்னா எவ்வளவு வேணா போடலாம்னு நம்ம பக்கம் ஒரு நெனப்பு. அதுவும் பெரும்பகுதி சுக்ரோஸ்தானுங்க, வெள்ளைச் சக்கரையில இருக்கற அதே பொருள். உணவுல சேக்கற சக்கரை மொத்தக் கலோரியில 10 சதவீதத்துக்குள்ள இருக்கோணும். 2000 கலோரிக்கு 50 கிராம். தேனும் பழச்சாறும் இந்தக் கணக்குலதான் வரும்.

மணி அடிச்சுட்டீங்க ஐயா, ஒரே கேள்வியோட இறங்கிக்கறேன். இடியாப்பம் மாதிரி இருக்கற நம்ம சந்தகை மேல நாட்டுச்சக்கரையைக் கை நிறைய அள்ளிக் கொட்டி, "இன்னொரு தட்டு வைங்க"ன்னு கேட்டது சந்தகைங்களா, எதிரணி அண்ணனுங்களா?