சுரங்கம் எங்கே தாழ்கிறது? ரயிலின் குலுக்கல் சொல்லும்

[திரையில்: ஷாங்காய் வரைபடம், முதல் மெட்ரோ பாதை]

ஷாங்காய் நகரம் நிற்பது யாங்சே ஆற்று முகத்துவாரத்தின் இளகிய களிமண் மேல். நிலத்தடி நீரை அளவில்லாமல் உறிஞ்சியதில், 1921 முதல் 1965 வரை நகரின் சில பகுதிகள் 2.6 மீட்டர் தாழ்ந்துவிட்டன. அந்த மண்ணுக்குள்தான் 1993-இல் முதல் மெட்ரோ ஓடத் தொடங்கியது. பிறகு அந்தச் சுரங்கமும் சில இடங்களில் 20 சென்டிமீட்டருக்கு மேல் தாழ்ந்தது.

எல்லா இடமும் ஒரே அளவில் தாழ்ந்தால் பெரிய கவலை இல்லை. ஓரிடத்தில் கூடவும் பக்கத்தில் குறையவும் தாழ்வதுதான் சிக்கல். கான்கிரீட் வளையங்களை போல்ட் போட்டு இணைத்த சுரங்கம் அது. வளைந்தால் இணைப்புகள் வாய் பிளக்கும், தண்ணீர் கசியும், தண்ணீரோடு மண்ணும் வரும். அப்புறம் தாழ்வு இன்னும் வேகமாகும்.

[திரையில்: நள்ளிரவு, லெவலிங் கருவியோடு (உயர வித்தியாசத்தை அளப்பது) ஊழியர்கள்]

இதை நேரடியாக அளக்க, ரயில் ஓடாத சில மணி நேர இரவுதான் கிடைக்கும். ரயிலோ நாள் முழுக்க அதே பாதையில் போய் வருகிறது. தண்டவாளம் சுரங்கத் தரையின் கான்கிரீட்டோடு பிணைந்தது. தரை தாழ்ந்தால் அதுவும் கூடவே தாழும். பெட்டியில் ஓர் ஆக்சிலரோமீட்டர், அதாவது முடுக்கத்தை அளக்கும் கருவி, வைத்தால் அந்த மேடு பள்ளம் குலுக்கலாகப் பதிவாகும்.

[திரையில்: இரண்டு அலைகள், அருகருகே]

ஒரு சின்னக் கணக்கு. ரயிலின் வேகம் மணிக்கு 72 கி.மீ., அதாவது நொடிக்கு 20 மீட்டர். தண்டவாளம் 20 மீட்டருக்கு ஓர் அலையாக, 10 மி.மீ. மேலும் கீழும் போகிறது என்று வையுங்கள். நொடிக்கு ஒரு குலுக்கல், முடுக்கம் சுமார் 0.4 மீ/வி². பெட்டியைத் தாங்கும் ஸ்பிரிங் அமைப்பான சஸ்பென்ஷன் இயல்பாக ஆடுவதும் கிட்டத்தட்ட இதே கதியில்தான் என்பதால் பயணிக்கே தெரியும். அதே 10 மி.மீ., 80 மீட்டர் அலையானால்? முடுக்கம் 16-இல் ஒரு பங்காகிவிடும். யாருக்கும் தெரியாது.

நிலத்தின் தாழ்வோ பெரும்பாலும் நீண்ட அலைதான். ஆகவே குலுக்கலை மட்டும் வைத்து "இத்தனை மி.மீ. தாழ்ந்தது" என்று சொன்னால் நான் நம்பமாட்டேன். மாற்றத்தைக் கவனிப்பதே சரி: அதே இடம், அதே வேகம், மாதா மாதம். ஒரு ரயில் மட்டும் குலுங்கினால் சக்கரத்தைச் சந்தேகிக்கலாம். எல்லா ரயிலும் ஒரே இடத்தில் குலுங்கினால் லெவலிங் குழு அன்றிரவே அங்கே போக வேண்டும். நிலையமும் சுரங்கமும் சேரும் இடம், பக்கத்தில் கட்டடத்துக்கு ஆழமாகத் தோண்டும் இடம் இரண்டிலும் கூடுதல் கவனம் தேவை.

[திரையில்: தண்டவாளத்துக்கு அடியில் மெல்லிய தகடு]

இன்னொன்று. ஊழியர்கள் தண்டவாளத்துக்கு அடியில் தகடு வைத்து மட்டத்தைச் சரிசெய்வார்கள். மறுநாளே பயணம் சுகமாகிவிடும். சுரங்கம் தாழ்வது நிற்காது. அதனால் எங்கே, எந்தத் தேதியில், எத்தனை மி.மீ. தகடு வைத்தார்கள் என்ற குறிப்பும் குலுக்கல் பதிவோடு சேர்ந்தே இருக்க வேண்டும்.