திருகோணமலையில் மானுக்கு அடிபட்டால் முதலில் என்ன செய்வது?

வணக்கம், எல்லோரும் சுகம்தானே? வழியில் காண்கிறவர்கள் எல்லாம் கேட்கிறார்கள், "அடிபட்ட மானுக்கு உதவப் போகிறாய், அதை ஏன் வீடியோவில் போடுவதில்லை?" என்று. எடுத்தால்தானே போடுவதற்கு! இனியும் எடுக்கப்போவதில்லை. ஏன் என்று இன்றைக்குச் சொல்கிறேன்.

வெளியூர்க்காரர்களுக்கு ஒரு விளக்கம். எங்கள் ஊரில் புள்ளிமான் பார்க்கக் காட்டுக்குப் போகத் தேவையில்லை. கோட்டைக்குள், கோணேசர் கோயிலுக்கு ஏறும் வழியில், கடற்கரையில், பஸ் நிலையத்தடியில்கூட நிற்கும். பார்க்க அழகுதான். ஆனால் வாகனம், கட்டாக்காலி நாய், பொலித்தீன் மூன்றும் அதே இடத்தில்தான் இருக்கின்றன.

ஒரு மானை ஓட்டோ தட்டிவிட்டது என்று வையுங்கள். உடனே சனம் கூடும். நாலு பேர் துரத்துவார்கள், இரண்டு பேர் காலைப் பிடிப்பார்கள், மற்ற எல்லோர் கையிலும் போன். காலில் சின்னக் காயம்தான், பிழைத்துவிடும் என்று நினைப்போம். பிறகு பார்த்தால் செத்துக் கிடக்கும். காயம் அதைக் கொல்லவில்லை, துரத்தல்தான் கொன்றது. மிருக வைத்தியர்கள் இதைக் 'கப்ச்சர் மயோபதி' என்பார்கள். பயத்தில் ஓடித் திமிறும்போது உடல் கொதிக்கும், தசை உடைந்து இரத்தத்தில் கலக்கும், அது சிறுநீரகத்தை அடைக்கும். சில மணி நேரத்திலும் சாகலாம், சில நாள் கழித்தும் சாகலாம். வந்துவிட்டால் வைத்தியம் பார்ப்பது மிகக் கடினம்.

அதனால் எங்கள் வேலையில் பாதி, சனத்தை விலக்குவதுதான். "அண்ணா, கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ, தம்பி, ஹோர்ன் அடிக்காதை" என்று கெஞ்சிக்கொண்டு நிற்பது. இதில் எதை வீடியோ எடுப்பது?

எழும்பி ஓடக்கூடிய மான் என்றால் துரத்தாதீர்கள், எங்கே போகிறது என்று மட்டும் தூரத்தில் நின்று பாருங்கள். எழும்ப முடியாமல் கிடந்தால், கண்ணை ஒரு துணியால் மூடுங்கள், மூக்கை மூடிவிடாதீர்கள். கண் மறைந்தால் அதன் பயம் கொஞ்சம் அடங்கும். முடிந்தால் நெஞ்சு நிலத்தில் படும்படி இருத்துங்கள். அசைபோடும் மிருகம் பக்கவாட்டில் கனநேரம் கிடந்தால் வயிற்றில் காற்று நிறைந்து மூச்சு முட்டும். வாயில் தண்ணீர் ஊற்றவே வேண்டாம். உடனே வனஜீவராசிகள் திணைக்களத்தின் 1992 என்ற இலக்கத்துக்கு எடுங்கள். அவர்கள் சொல்வதைத்தான் கேட்க வேண்டும். பாதுகாக்கப்பட்ட மிருகத்தை வீட்டில் வைத்துக் குணப்படுத்த எனக்கோ உங்களுக்கோ சட்டத்தில் இடமில்லை.

மான்குட்டி விஷயம் வேறு. புதருக்குள் தனியே சுருண்டு கிடக்கும் குட்டியைக் கண்டால், "ஐயோ, தாய் விட்டுட்டுப் போயிட்டுது" என்று தூக்காதீர்கள். தாய் மேயப் போயிருக்கும், பால் கொடுக்கத் திரும்பி வரும். காயமோ நாய்த் தொல்லையோ இல்லையென்றால் அப்படியே விட்டுவிடுங்கள். மாட்டுப்பால் பருக்கினால் வயிற்றோட்டம் பிடிக்கும், படுக்கவைத்துப் பருக்கினால் நுரையீரலுக்குள் போகும். தப்பிப் பிழைத்தாலும் மனிதருக்குப் பயப்படாமல் வளரும். அப்படி வளர்ந்த ஆண் மான் கொம்பு முளைத்த பிறகு ஆளையே முட்டும். பிறகு அதை எங்கே கொண்டுபோய் விடுவது?

பொலித்தீன் பற்றித் தனி வீடியோ போட வேண்டும். சாப்பாட்டு வாசம் பிடித்த சொப்பிங் பையை மான் அப்படியே விழுங்கிவிடும். அது செரிக்காமல் இரைப்பையில் சுருண்டு கிடக்கும். வயிறு நிறைந்த மாதிரித் தெரியும், மான் மெலிந்துகொண்டே போகும். கோயிலுக்கு வருகிறவர்கள் அன்பாக வாழைப்பழம் கொடுத்துவிட்டுப் பையை அங்கேயே போட்டுவிட்டுப் போவதைப் பார்த்தால் எனக்கு வாய் சும்மா இருக்காது.

நிலாவெளி, உப்புவெளிப் பக்கம் கடலாமை வலையில் சிக்கி ஒதுங்கினாலும் இதே 1992தான். ஆமைக்கு நுரையீரல்தான், தண்ணீருக்குள் கனநேரம் சிக்கினால் மூச்சடைக்கும். அசையவில்லை என்பதற்காகச் செத்துவிட்டது என்று முடிவெடுத்துக் கடலில் தள்ளாதீர்கள். நிழலில் வைத்து, முதுகு ஓடு மூடும்படி ஈரச் சாக்கைப் போடுங்கள், துடுப்பைப் பிடித்துத் தூக்காதீர்கள். சதைக்குள் இறங்கிய நூலை நீங்களே இழுக்க வேண்டாம், வைத்தியர் பார்க்கட்டும்.

சரி, கடைசியாக ஓர் உதவி. வீட்டில் பழைய பெட்ஷீட், தடித்த துவாய் இருந்தால் எறியாமல் தோய்த்து வையுங்கள், அடிபட்ட மானின் கண்ணை மூட உதவும். கிழிந்திருந்தாலும் பரவாயில்லை, பூப்போட்டதென்றாலும் மானுக்கு ஆட்சேபணை இல்லை.