கொடி உண்டு, ஓட்டு இல்லை

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, மெல்பர்ன் குளிரையும் பொருட்படுத்தாமல் வந்திருக்கும் அவையோரே, வணக்கம்.

ஆஸ்திரேலிய விதிக் கால்பந்து உலகெங்கும் வேரூன்ற வேண்டுமானால், அதன் நிர்வாகம் இருக்க வேண்டியது ஏ.எஃப்.எல். என்ற ஆஸ்திரேலிய லீக்கின் கையிலா, விளையாடும் நாடுகள் சேர்ந்த கூட்டமைப்பின் கையிலா? இதுதான் இன்றைய தலைப்பு. எதிரணித் தலைவர் லீக்குக்காக வாதாடினார். "காசு உள்ளவர்தானே பந்தல் போட முடியும்?" என்று கேட்டுக் கைதட்டலும் வாங்கினார். ஐயா, பந்தல் போட்டவருக்கு முதல் பந்தியில் இலை போடுவோம். பந்தல் போட்டேன், அதனால் தாலியும் நானே கட்டுவேன் என்று அவர் மணமேடையில் ஏறினால் என்ன செய்வது?

முதலில் ஆட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாக்கள் இருக்கிறார்கள். ஒரு பக்கத்துக்குப் பதினெட்டுப் பேர். முட்டை வடிவப் பந்து. கிரிக்கெட் மைதானம் அளவுக்கு வட்டத் திடல். உதைக்கலாம், ஒரு கையில் பந்தை வைத்து மறுகை முஷ்டியால் குத்தி அனுப்பலாம், எறியக் கூடாது. 1859இல் இதே மெல்பர்னில், ஒரு ஹோட்டலில் உட்கார்ந்து நாலைந்து பேர் எழுதிய விதிகள் இவை. நம் பிள்ளைகள் சனிக்கிழமை காலையில் 'ஆஸ்கிக்' சிறுவர் பயிற்சி என்று ஓடுகிறார்களே, அதே ஃபூட்டிதான்.

இப்போது நவுருவுக்கு வாருங்கள். பசிபிக் கடலில் 21 சதுர கிலோமீட்டர் தீவு. ஒரு காலைநேரத்தில் சுற்றி வந்துவிடலாம். அந்நாட்டின் தேசிய விளையாட்டு எது தெரியுமா? ஃபூட்டி! பாஸ்பேட் வெட்டியெடுத்த அந்த மண்ணில் புல்தரை ஏது? பாஸ்பேட் தூசி பறக்கும் லிங்க்பெல்ட் திடலில் விழுந்து புரண்டு விளையாடுகிறார்கள். அந்த ஆட்டத்தை அங்கே கொண்டுபோனது எந்த லீக்கின் வளர்ச்சித் திட்டம்? எதுவும் இல்லை. இங்கே ஆஸ்திரேலியாவில் ஜிலாங் நகருக்குப் படிக்க வந்த நவுரு இளைஞர்கள் ஆடிப் பழகி, ஊர் திரும்பும்போது கையோடு கொண்டுபோனார்கள். அப்படி ஜிலாங்கில் படித்தவர்களில் ஒருவர் ஹேமர் டி ரோபர்ட். 1968இல் நவுரு விடுதலை பெற்றபோது முதல் குடியரசுத் தலைவரானவர் அவர்தான். ஒரு நாடு முழுவதும் நெஞ்சில் வைத்திருக்கும் ஆட்டம் இது. ஆனால் அந்த ஆட்டத்தின் விதியில் ஒரு காற்புள்ளியை மாற்ற வேண்டுமென்றாலும் நவுருவுக்கு ஓட்டு இல்லை.

ஓட்டு யாருக்கு? ஏ.எஃப்.எல். ஆணையத்துக்கு. ஆணையர்களை நியமிக்கும் உரிமை யாருக்கு? அந்த லீக்கில் ஆடும் கிளப்புகளுக்கு. இது என் கற்பனையல்ல, அந்த அமைப்பின் கட்டமைப்பே அப்படி. 2019இல் திடலின் நடுவில் ஆட்டம் தொடங்கும் ஒவ்வொரு முறையும் ஒவ்வோர் அணியும் திடலின் மூன்று பகுதிகளிலும் ஆறு ஆறு பேராக நிற்க வேண்டும் என்று விதி கொண்டுவந்தார்கள். 2021இல் உதைத்த பந்தைத் தரையில் விழாமல் பிடித்தவருக்கு, அதாவது 'மார்க்' பிடித்தவருக்கு, எதிரே நிற்பவர் அசையக் கூடாது என்றார்கள். இங்கே ஆட்டம் நெரிசலாகிவிட்டது, கோல் குறைந்துவிட்டது, அதற்கு மருந்து தேடினார்கள். நியாயம்தான். ஆனால் ஐரோப்பாவில் ரக்பி திடலை வாடகைக்கு எடுத்து, ஒரு பக்கத்துக்கு ஒன்பது பேர் சேர்ந்தாலே திருவிழா என்று ஆடுகிறார்களே, அவர்களுக்கு வந்த நோய் நெரிசலா? ஆளே கிடைக்காததுதானே!

எதிரணியின் இரண்டாவது பேச்சாளர், "உலகக் கோப்பை போல சர்வதேசக் கோப்பையை நடத்தியதே லீக்தானே" என்றார். மறுக்கவில்லை. 2002இல் பதினொரு நாடுகளோடு இந்த ஊரில் தொடங்கியது. வெளிநாட்டில் வேலை பார்க்கும் ஆஸ்திரேலியர்களைத் திரட்டி அணி கட்டக் கூடாது, அந்தந்த மண்ணில் வளர்ந்தவர்களே ஆட வேண்டும் என்று விதி வைத்தார்கள். அந்த ஒரு விதிக்காகவே அவர்களைப் பாராட்டுவேன். 2008இல் இந்திய அணியும் வந்தது. வாங்கிய அடியைப் பற்றி இங்கே விரிவாகப் பேச வேண்டாம், நம் மானப் பிரச்சினை.

அந்தக் கோப்பையை மூன்று முறை வென்ற நாடு பாப்புவா நியூ கினி. 2008, 2014, 2017. கடைசி முறை இறுதியாட்டத்தில் நியூசிலாந்தோடு மோதியபோது, சைரன் ஒலித்து நேரம் முடிந்துபோனது. கையில் பந்து இருக்கிறது, ஓர் உதை பாக்கி. அந்த உதையில் கோல் விழுந்து ஒரே ஒரு புள்ளியில் வென்றார்கள். அப்படியோர் ஆட்டத்துக்குப் பிறகு என்ன நடக்க வேண்டும்? தலைநகர் போர்ட் மோர்ஸ்பியில் தெருவுக்குத் தெரு பந்து உருள வேண்டாமா? 2020இல் நடக்க வேண்டிய அடுத்த கோப்பை பெருந்தொற்றால் நின்றது. தொற்று யார் குற்றமும் அல்ல. நான் கேட்பது, மறுபடி நடத்துவதா வேண்டாமா என்று முடிவெடுக்கும் மேசையில் மூன்று முறை வென்றவனுக்கு நாற்காலி உண்டா என்பதுதான்.

இதற்கிடையில் பக்கத்து விளையாட்டைப் பாருங்கள். 2024 டிசம்பரில் ரக்பி லீக்காரர்கள் அறிவித்தார்கள்: 2028 முதல் பாப்புவா நியூ கினி அணி தங்கள் போட்டியிலேயே ஆடும், பத்தாண்டுகளில் 60 கோடி டாலர் ஆஸ்திரேலிய அரசு கொடுக்கும். அரசியல் கணக்கு அதில் இருக்கிறது, குழந்தைக்கும் தெரியும். ஆனாலும் அந்த நாட்டுக்குள் போய்க் கதவைத் தட்டியது யார், வாசலில் நின்று பார்த்தது யார்?

லீக் எங்கே போய்க் கதவைத் தட்டியது? ஷாங்காயில்! 2017 மே மாதம் போர்ட் அடிலெய்டு, கோல்டு கோஸ்ட் என்ற இரண்டு ஏ.எஃப்.எல். கிளப்புகள் அங்கே ஜியாங்வான் திடலில் புள்ளிக்கான ஆட்டம் ஆடின. அடிலெய்டிலிருந்து ஆயிரக்கணக்கான ரசிகர்கள் விமானம் ஏறிப் போய்ப் பார்த்தார்கள். நம் வீட்டு விருந்தைப் பக்கத்து வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து நாமே சாப்பிட்டுவிட்டு வந்த கதை இது. மூன்று ஆண்டுகள் நடந்தது, நின்றது. நவுருவில் வேர்விட்டதும் ஷாங்காயில் வேர்விடாததும் ஏன் என்று எதிரணி சொல்லட்டும்.

இது புதிய நோயும் அல்ல. 1908இல் மெல்பர்னில் நடந்த ஐம்பதாண்டு விழாப் போட்டிக்கு நியூசிலாந்து வந்தது. வந்து சும்மா போகவில்லை, நியூ சவுத் வேல்ஸையும் குயின்ஸ்லாந்தையும் தோற்கடித்தது. அப்போது நிர்வாகச் சபையின் பெயர் ஆஸ்திரலேசியக் கால்பந்துச் சபை. முதல் உலகப் போருக்குப் பிறகு அது ஆஸ்திரேலியக் கால்பந்துச் சபை ஆனது. பெயரைச் சற்றே சுருக்கினார்கள், ஒரு நாடே வெளியே விழுந்தது.

கிரிக்கெட் எப்படிப் பிழைத்தது? விதிப் புத்தகம் இன்றும் லண்டனில் ஒரு கிளப்பிடம்தான் இருக்கிறது. 1989 வரை அந்த எம்.சி.சி.யின் தலைவரே சர்வதேசக் கவுன்சிலுக்கும் தலைவர். ஆனால் கவுன்சிலில் நாடுகளுக்கு இடமிருந்தது. 1981இல் இலங்கைக்கு முழு உறுப்புரிமை கிடைத்தது. பதினைந்தே ஆண்டில், லாகூரில், உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் யாரைத் தோற்கடித்தது? இந்த மண்டபத்தில் யாழ்ப்பாணத்து அண்ணன்மார் சிரிக்கிறார்கள், அவர்களுக்கு நினைவிருக்கிறது. கபடியை எடுத்துக்கொள்ளுங்கள். 1990 முதல் 2014 வரை ஆசிய விளையாட்டில் ஆடவர் தங்கம் முழுவதும் இந்தியாவுக்கே. 2018 ஜகார்த்தாவில் ஈரான் நம்மை அரையிறுதியிலேயே வீழ்த்தியது. நமக்கு வயிற்றெரிச்சல்தான். கபடிக்கோ அன்றுதான் கல்யாணம்.

சரி, பணம். எதிரணியின் வலுவான வாதம் அது, தட்டிக்கழிக்க மாட்டேன். 1995இல் டார்வினில் நாடுகள் சேர்ந்து ஒரு சர்வதேசக் கவுன்சில் தொடங்கத்தான் செய்தன. 2002க்குப் பிறகு அந்தப் பொறுப்பு லீக்கின் கைக்குப் போனது. சொந்த வருமானம் இல்லாத அமைப்பு நிலைக்காது என்பது உண்மை. அதனால்தான் லீக்கை வெளியேற்றுங்கள் என்று நான் கேட்கவில்லை. கால்பந்தில் விதி மாற்றும் வாரியத்தைப் பாருங்கள்: பிரிட்டனின் நான்கு சங்கங்களுக்கு ஆளுக்கொரு ஓட்டு, ஃபிஃபாவுக்கு நான்கு, மாற்றத்துக்கு ஆறு ஓட்டு வேண்டும். அதுபோல ஏ.எஃப்.எல். பாதி ஓட்டை வைத்துக்கொள்ளட்டும். மீதிப் பாதி நவுருவுக்கும் பாப்புவா நியூ கினிக்கும் அயர்லாந்துக்கும் நியூசிலாந்துக்கும் மற்றவர்களுக்கும் போகட்டும். அவர்களை மீறி லீக் எதையும் செய்ய முடியாது, லீக்கை மீறி அவர்களாலும் முடியாது.

மணி அடித்துவிட்டீர்கள், முடிக்கிறேன். இந்த ஆட்டத்தில் ஒரு பெருந்தன்மை உண்டு, நடுவர் அவர்களே. நடுக் கம்பங்களுக்கு இடையே உதைத்தால் ஆறு புள்ளி, கோல் நடுவர் இரண்டு கொடிகளை ஆட்டுவார். குறி தவறிப் பந்து பக்கத்துக் கம்பத்துக்குள் போனாலும் ஒரு புள்ளி தந்து ஒற்றைக் கொடியை ஆட்டுவார். பணத்தைப் பற்றிப் பேசிய எதிரணிக்கு அந்த ஒற்றைக் கொடியைத் தாராளமாக ஆட்டுங்கள். எங்களுக்கு எத்தனை கொடி என்று நீங்களே பார்த்துச் சொல்லுங்கள். நன்றி, வணக்கம்.