புதன்கிழமை ஊர்

நேயர்களுக்கு வணக்கம். பெயரிலேயே சந்தை இருக்கிற ஓர் ஊரைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். இங்கிலாந்தில் ஷ்ராப்ஷையர் என்று ஒரு மாவட்டம். அங்கே டெர்ன் ஆற்றங்கரையில் உள்ள மார்க்கெட் டிரேட்டன்தான் அந்த ஊர்.

பள்ளிக்கூடத்தில் நாம் எல்லாரும் படித்த ராபர்ட் கிளைவ் 1725இல் அதன் பக்கத்தில்தான் பிறந்தார், அங்கேதான் படித்தார். சிறுவயதில் தேவாலயக் கோபுரத்தில் ஏறி, மழைநீர் வழியும் கல் பூதத்தின் மேல் உட்கார்ந்துகொண்டார் என்று அங்கே இன்றும் கதை சொல்வார்கள். 1744இல் சென்னைக்குக் கணக்கெழுத வந்தவர், ஏழே வருடத்தில் ஆற்காட்டுக் கோட்டைக்குள் இருந்தார். மற்றதெல்லாம் உங்களுக்கே தெரியும். ஆனால் அந்த ஊரை அவர் பெயரோடு மட்டும் சேர்த்துப் பேசுவது எனக்குப் பிடிப்பதில்லை. எனக்கு அது புதன்கிழமை ஊர்.

1245ஆம் ஆண்டு. அரசர் மூன்றாம் ஹென்றி, புதன்கிழமைதோறும் இங்கே சந்தை கூடலாம் என்று சாசனம் கொடுக்கிறார். அந்தக் காலத்தில் யாரும் நினைத்த இடத்தில் கடை பரப்பிவிட முடியாது. உரிமை வாங்க வேண்டும். அடுத்த சந்தைக்கு இடைஞ்சலாகவும் இருக்கக் கூடாது. எவ்வளவு தள்ளியிருந்தால் இடைஞ்சல் இல்லை? பிராக்டன் என்ற சட்ட அறிஞரின் பெயரில் வழங்கும் கணக்கு ஒன்று உண்டு. ஒருவர் ஒரு நாளில் நடக்கக்கூடிய தூரம் 20 மைல். அதை மூன்றாகப் பிரியுங்கள். ஒரு பங்கு போவதற்கு, ஒரு பங்கு விற்று வாங்குவதற்கு, ஒரு பங்கு இருட்டுவதற்குள் வீடு வந்து சேர்வதற்கு. ஆக, அடுத்த சந்தை ஒரு பங்கு தூரத்துக்கு மேல், அதாவது ஏறக்குறைய ஆறே முக்கால் மைலுக்கு மேல் தள்ளியிருந்தால் இடைஞ்சல் இல்லை. தலையில் கூடையோடு சந்தைக்குப் போய் வந்தவர்களுக்கு இந்தக் கணக்கின் அருமை தெரியும். படித்தவர் எழுதியதுதான், ஆனால் இருட்டுவதற்குள் வீடு திரும்ப வேண்டியவர்களை நினைத்து எழுதியது. அதனால்தான் எனக்கு அது அவ்வளவு பிடிக்கும்.

1651இல் ஊரில் தீப்பிடித்தது. ஒரு ரொட்டிக் கடையில் தொடங்கியது என்கிறார்கள். எல்லாம் மரச்சட்ட வீடுகள். ஊரில் ஏறக்குறைய 70 சதவீதம் போய்விட்டது. கிராமத்துப் பெண்கள் வெண்ணெய் விற்ற மண்டபம் ஒன்று அங்கே இருக்கிறது, பட்டர் கிராஸ் என்று பெயர். அதில் ஒரு மணி தொங்குகிறது. மறுபடி தீப்பிடித்தால் அடிக்க வேண்டிய மணி. இன்னும் கழற்றவில்லை. இவ்வளவு எரிந்த பிறகும் ஊரை வேறெங்கும் கொண்டுபோகவில்லை. அதே இடத்தில் கட்டினார்கள், அதே புதன்கிழமை கூடினார்கள்.

சரி, இஞ்சிக்கு வருகிறேன். இதைச் சொல்லாமல் போக மனம் வராது. அந்த ஊரின் பெருமை ஜிஞ்சர்பிரெட் என்ற இஞ்சிப் பலகாரம். விரல் மாதிரி நீளமாக, கெட்டியாக இருக்கும். சுக்கின் காரம் முதலில் நாக்கில் தெரியாது, விழுங்கும்போது தொண்டையில் பிடிக்கும். போர்ட் என்ற திராட்சை மதுவில் தோய்த்துச் சாப்பிடுவது அவர்கள் வழக்கம். 1793இலேயே அங்கே இதைச் சுட்டு விற்றதற்குக் குறிப்பு இருக்கிறது. அந்த ஜிஞ்சர் என்ற சொல் எங்கிருந்து போனது தெரியுமா? நம் இஞ்சியிலிருந்து! 'இஞ்சிவேர்' என்பது வடமொழி வழியாகக் கிரேக்கத்துக்கும் லத்தீனுக்கும் போய், கடைசியில் ஆங்கிலத்தில் ஜிஞ்சர் ஆனது. கிளைவ் கப்பலேறுவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே நம் சொல் அந்த நாட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுக்காத சேதி இது.

நேரமாகிவிட்டது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்து கைகாட்டுகிறார்கள். கால்வாயைப் பற்றி நிறைய வைத்திருந்தேன். தாமஸ் டெல்ஃபோர்ட் திட்டமிட்டது, 1835இல் திறந்தது. அப்புறம் 1863இல் ரயில் வந்தது, சரியாக நூறு வருடத்தில் பயணிகள் ரயிலை நிறுத்திவிட்டார்கள். இன்று பெரிய தயிர்த் தொழிற்சாலை ஒன்று இருக்கிறது. அந்தப் பக்கம் போகிறவர்கள் புதன்கிழமையாகப் பார்த்துப் போங்கள். இன்றும் சந்தை கூடுகிறது. வணக்கம்.