தேரை எங்கே தூக்கிக்கொண்டு போகிறீர்கள்?

(வியாசர்பாடியில் போன ஞாயிற்றுக்கிழமை நடந்த கால்பந்துப் பரிசளிப்பு விழாவில் பேசியது. நிறையப் பேர் கேட்டதால் பேசியபடியே எழுதிப் போடுகிறேன். மைக் இரண்டு முறை செத்துப்போனதை மட்டும் விட்டுவிட்டேன்.)

விழாத் தலைவர் அவர்களே, விடியற்காலையிலேயே வந்து மைதானத்துக்குக் கோடு போட்டுவிட்டு, அந்தச் சுண்ணாம்புக் கையோடு மேடையில் உட்கார்ந்திருக்கும் எங்கள் முன்னாள் கோல்கீப்பர் அண்ணன் அவர்களே, வருகிறேன் என்று சொல்லி, சொன்ன நேரத்துக்கு வந்தும் விட்ட கவுன்சிலர் அம்மா அவர்களே (இது அபூர்வம், அதனால் தனியாகச் சொல்கிறேன்), ஆறு பந்து வாங்கிக் கொடுத்துவிட்டு ரசீதுகூடக் கேட்காத ஹார்டுவேர் கடை பாய் அவர்களே, தலைமையாசிரியர் ஐயா அவர்களே, ஐயாவுக்குப் பக்கத்தில் இருக்கும் அவருடைய துணைவியார் அவர்களே, அப்புறம் முக்கியமாக, இன்று நான்கு மேட்ச்சுக்கு விசில் ஊதி நான்கிலும் திட்டு வாங்கிய ரெஃப்ரி தம்பிகளே, எல்லோருக்கும் வணக்கம். யார் பேரையாவது விட்டிருந்தால் மன்னிக்கணும். எனக்குப் போட்ட சால்வையை அவருக்கே போட்டுவிடுகிறேன், எப்படியும் அது சுற்றிச் சுற்றி வருகிற சால்வைதான்.

மூன்று விஷயம் பேசலாம் என்று வந்தேன். ஒன்று, ரெஃப்ரி. இரண்டு, டீமை ஊர்விட்டு ஊர் தூக்கிக்கொண்டு போவது. மூன்று, டிக்கெட் விலையும் ஸ்டேடியத்தில் தண்ணீர் பாட்டிலைப் பிடுங்கி வைத்துக்கொள்வதும். இந்த மூன்றுக்கும் சேர்த்து எங்க அப்பா ஒரே பழமொழி வைத்திருந்தார். ஹார்பரில் மூட்டை தூக்கியவர், எதற்கெடுத்தாலும் அதையே சொல்வார். ஊர் கூடித் தேர் இழுக்கணும். கல்யாணத்துக்கும் சொல்வார், கார்ப்பரேஷன் குழாயில் தண்ணீர் வராததற்கும் சொல்வார். இன்றைக்கு நானும் நாலைந்து தடவை சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ரெஃப்ரி. 2023 மார்ச் 3, பெங்களூரு கண்டீரவா ஸ்டேடியம், ஐ.எஸ்.எல்., அதாவது இந்தியன் சூப்பர் லீக், நாக் அவுட். தொண்ணூறு நிமிடம் கோல் இல்லை, கூடுதல் நேரம் ஓடுகிறது. பெங்களூருக்கு ஃப்ரீ கிக் கிடைக்கிறது. கேரளா பிளாஸ்டர்ஸ் பையன்கள் பந்தை மறிக்க வரிசையாக நின்று சுவர் கட்டத் தயாராகும்போதே சுனில் சேத்ரி தட்டி உள்ளே போட்டுவிட்டார். ரெஃப்ரி கோல் என்று கையைக் காட்டினார். கேரளா கோச் வுகோமனோவிச் மொத்த டீமையும் வெளியே கூட்டிக்கொண்டு போய்விட்டார், திரும்பி வரவே இல்லை. கிளப்புக்கு நான்கு கோடி ரூபாய் அபராதம், கோச்சுக்குப் பத்து மேட்ச் தடை. விதி என்னவென்றால், அடிக்கிறவன் விசிலுக்குக் காத்திருக்காமல் சட்டென்று அடிக்கலாம். ஆனால் ரெஃப்ரி தலையிட்டுச் சுவரைத் தள்ளி நிறுத்த ஆரம்பித்துவிட்டால் அப்புறம் விசில் ஊதித்தான் அடிக்கணும். அன்றைக்கு அவர் தலையிட்டாரா இல்லையா, அது ஒன்றுதான் கேள்வி. இன்னும் டீக்கடையில் அதற்குச் சண்டை ஓய்ந்தபாடில்லை. நான் அதில் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. ஆயிரக்கணக்கான பேர் அடித்துக்கொள்கிற ஒரு விஷயத்தை அங்கேயே, அப்போதே, மைக்கைப் பிடித்து, 'இதனால்தான் கோல் கொடுத்தேன்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பாதிச் சண்டை அடங்கியிருக்கும் என்கிறேன். 2023 மகளிர் உலகக் கோப்பையில் ரெஃப்ரிகள் வீடியோ பார்த்துவிட்டு வந்து மைக்கில் அறிவித்தார்கள். யாருக்கும் எதுவும் குறைந்துபோகவில்லை.

இதை நான் சும்மா சொல்லவில்லை, அனுபவத்தில் சொல்கிறேன். ஒருமுறை நானும் ரெஃப்ரியாக இருந்தேன். முன்வரிசையில் சிரிக்கிறவர்களுக்குக் கதை தெரியும், தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்.

1997. இதே ஏரியா, இந்த மைதானம் இல்லை, ரயில்வே லைன் பக்கம் ஒரு திடல். கோலுக்குக் கம்பம் இருக்கும், வலை கிடையாது. அரையிறுதி. ஊத வேண்டியவருக்குக் காய்ச்சல், என் கழுத்தில் விசிலை மாட்டிவிட்டார்கள். வடக்குப் பக்கக் கோலுக்குப் பின்னால் ஒரு ஆயா இட்லிக் கடை. கடை என்றால் ஒரு அடுப்பு, ஒரு இட்லிப் பானை, ஒரு சாம்பார் குண்டான், மேலே ஒரு கிழிந்த தார்ப்பாய். மேட்ச் நாளில் ஆயாவுக்கு நல்ல வியாபாரம், அதனால் பந்து வந்து விழுந்தாலும் இடத்தை மாற்றாது. ஒரு பையன் இருபது கஜத்திலிருந்து ஓங்கி அடித்தான் பாருங்கள், கண்ணுக்குத் தெரியவில்லை. அடுத்து நான் பார்த்தது சாம்பார். குண்டான் கவிழ்ந்து, பந்து மேல் கறிவேப்பிலை ஒட்டிக்கொண்டு, மஞ்சளாக உருண்டு வருகிறது. அடித்தவன் கோல் என்று கத்துகிறான். கோல்கீப்பர், கம்பத்துக்கு வெளியே போச்சு, போங்கு ஆட்டம் ஆடாதீங்க என்கிறான். நான் சத்தியமாகப் பார்க்கவில்லை. சாம்பாரைத்தான் பார்த்தேன்.

என்னைச் சுற்றி முப்பது பேர். ஒருத்தன் சட்டையைப் பிடித்துவிட்டான். அந்த நேரத்தில் எனக்கு என்ன தோன்றியதோ, நேராக ஆயாவிடம் போய், ஆயா, பந்து எந்தப் பக்கமா வந்துச்சு என்று கேட்டேன். ஆயா கரண்டியை நீட்டி இரண்டு கம்பத்துக்கும் நடுவே காட்டி, 'தோ, இப்டிக்கா நேரா வந்துச்சு, நவுந்து வந்திருந்தா இட்லிப் பானையில இல்ல பட்டிருக்கும்' என்றது. போய்ப் பார்த்தால் சரிதான். குண்டான் கோலுக்கு நேர் பின்னால், பானை கம்பத்துக்கு வெளியே. பானைமேல் ஒரு பொட்டு சாம்பார் கிடையாது. கோல் என்று ஊதினேன். உடனே அந்தப் பக்கத்து கேப்டன், ஆயாவின் பேரன் இந்த டீமில்தான் ஆடுகிறான் என்றான். ஆயா கரண்டியோடு எழுந்தது. 'எம் பேரன் உன் டீம்லதான்டா ரிசர்வுல குந்திகினு கீறான், நீ அவன எறக்கவே மாட்டேங்குற!'

சிரிப்பில் சண்டை அடங்கிப்போனது. இரண்டு டீமும் சேர்ந்து சாம்பாருக்குக் காசு போட்டார்கள். இன்றுவரைக்கும் எனக்குப் பெயர் சாம்பார் ரெஃப்ரி. ஆனால் தோற்றவன்கூட அந்தக் கோலை இன்றுவரை குறை சொன்னதில்லை. ஏன்? எல்லோர் கண்ணெதிரே கேட்டு, எல்லோர் கண்ணெதிரே சொன்னேன். ஊர் கூடித் தேர் இழுக்கணும்.

இப்போது இதைப் பாருங்கள். 2023 செப்டம்பர் 30, லண்டன், டாட்டன்ஹாம் - லிவர்பூல் மேட்ச். லிவர்பூலின் லூயிஸ் டியாஸ் கோல் போடுகிறார், லைன்ஸ்மேன் ஆஃப்சைடு கொடி தூக்குகிறார். எங்கோ ஒரு அறையில் வி.ஏ.ஆர்., அதாவது வீடியோ ரெஃப்ரி ஆட்கள், வீடியோ பார்க்கிறார்கள். ஆஃப்சைடு இல்லை, சுத்தமான கோல். ஆனால் அவர்கள், மைதானத்தில் ஏற்கெனவே கோல் கொடுத்தாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டு, பார்த்தாச்சு, எல்லாம் சரி என்று சொல்லிவிட்டார்கள். ரெஃப்ரி என்ன செய்வார், ஆஃப்சைடு சரி என்று நினைத்து ஆட்டத்தைத் தொடங்கிவிட்டார். தொடங்கியபின் தப்பு தெரிந்தும் திரும்பிப் போக முடியவில்லை. லிவர்பூல் கடைசி நிமிடத்தில் சேம் சைடு கோல் போட்டு 2-1 என்று தோற்றது. இவ்வளவு கேமராவுக்கு ஒரு ஆயா பரவாயில்லையா இல்லையா?

நார்வேயில் 2024 ஜூலையில் ரோசன்பர்க் - லில்லெஸ்ட்ரோம் மேட்ச்சில் ரசிகர்கள் வி.ஏ.ஆர். வேண்டாம் என்று மைதானத்துக்குள் மீன் கட்லெட்டைத் தூக்கி எறிந்தார்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, மீன் கட்லெட். மேட்ச் பாதியில் நின்றது. பக்கத்து நாடு ஸ்வீடனில் யாரும் கட்லெட்டை வீணாக்க வேண்டி வரவில்லை. அங்கே ஒரு விதி, கிளப்பில் 51 சதவீத ஓட்டு உறுப்பினர்களான ரசிகர்கள் கையில்தான் இருக்கணும். அவர்கள் கிளப் கூட்டத்தில் கையைத் தூக்கினார்கள், கிளப்புகள் வேண்டாம் என்றன, 2024இல் ஸ்வீடன் வி.ஏ.ஆரைக் கொண்டுவருவதில்லை என்று முடிவு செய்தது. வி.ஏ.ஆர். நல்லதா கெட்டதா என்பது வேறு பஞ்சாயத்து, எனக்கே அதில் நாளுக்கு ஒரு கருத்து. எங்கே ரசிகனைக் கேட்டுவிட்டு முடிவெடுத்தார்கள், எங்கே முடிவெடுத்தபின் கட்லெட் வந்தது என்பதைப் பாருங்கள்.

சரி, இரண்டாவது. இதைச் சொல்லத்தான் நான் வந்தேன்.

2014இல் ஐ.எஸ்.எல். ஆரம்பித்தபோது டெல்லிக்கு டைனமோஸ் என்று ஒரு டீம். 2019இல் அதை மூட்டை கட்டிப் புவனேஸ்வருக்குக் கொண்டுபோய் ஒடிசா எஃப்.சி. ஆக்கினார்கள். அதே வருடம் புனே டீமை மூடிவிட்டு அந்த இடத்தை ஹைதராபாத்துக்குக் கொடுத்தார்கள். ஹைதராபாத் 2022 மார்ச்சில் கோவா ஃபடோர்டாவில் பெனால்டியில் கேரளாவை ஜெயித்துக் கோப்பையே வாங்கியது. மூன்று வருடம் கழித்து, 2025இல், அந்த டீமும் கிளம்பிவிட்டது. எங்கே? டெல்லிக்கு. டெல்லிக்காரனிடம் பிடுங்கியாச்சு, ஆறு வருடம் கழித்து ஹைதராபாத்காரனிடம் பிடுங்கி டெல்லிக்காரனுக்கு வேறொன்றைக் கொடுத்தாச்சு. நடுவில் எவனையாவது கேட்டார்களா? மஞ்சள் ஜெர்சி வாங்கி வீட்டில் மாட்டி வைத்த ஹைதராபாத் பையன் அதை இப்போது என்ன செய்வான், வண்டி துடைப்பானா?

நம் கதையையும் சொல்லிவிடுகிறேன். ஐ.எஸ்.எல். போலவே இன்னொரு தேசிய லீக் ஐ-லீக், அதில் 2018-19 சாம்பியன் யார்? சென்னை சிட்டி எஃப்.சி. சொந்த மைதானம் எது? கோயம்புத்தூர் நேரு ஸ்டேடியம். பெயரில் சென்னை, ஆட்டம் கோவையில். கோவைக்காரர்கள் பெருந்தன்மையானவர்கள், வந்து உட்கார்ந்து கத்தினார்கள், அந்த டீம் ஆட்டக்காரர் பெட்ரோ மான்ஸியைத் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள். ஆனால் நாம் இங்கே உட்கார்ந்துகொண்டு நம்ம டீம் என்பதா, அவங்க டீம் என்பதா என்று விழித்தோம். 2025 ஆகஸ்டில் சென்னையின் எஃப்.சி., இரண்டு தடவை கோப்பை வாங்கிய டீம், லீக் நடக்குமா என்றே தெரியாமல் தன் வேலைகளை நிறுத்தி வைப்பதாக அறிவித்தது. அன்றைக்கு என் பையன் கேட்டான், நைனா, நம்மளையும் டெல்லிக்குத் தூக்கிட்டுப் போயிடுவாங்களா? என்னிடம் பதில் இல்லை.

தேர் என்றால் வருஷத்துக்கு ஒருமுறை வீதி சுற்றிவிட்டு நிலைக்கு வரணும். இழுக்கிறவனுக்கு அதுதான் நம்பிக்கை. ஊர் கூடித் தேர் இழுக்கணும் என்று கூப்பிட்டுவிட்டு, இழுத்து முடித்ததும் தேரை லாரியில் ஏற்றினால்?

லண்டனில் விம்பிள்டன் என்று ஒரு கிளப். டென்னிஸ் நடக்கிற அதே ஊர். 1889இல் தொடங்கியது, 1988இல் லிவர்பூலைத் தோற்கடித்து எஃப்.ஏ. கோப்பை வாங்கியது. 2002இல் மூன்று பேர் கமிஷன் ஒன்று உட்கார்ந்து, இரண்டுக்கு ஒன்று என்ற ஓட்டில், இந்த டீம் மில்டன் கீன்ஸுக்குப் போகலாம் என்றது. ஏறக்குறைய தொண்ணூறு கிலோமீட்டர். ரசிகர்கள் என்ன செய்தார்கள்? தாங்களே ஒரு கிளப் தொடங்கினார்கள், ஏ.எஃப்.சி. விம்பிள்டன். பொதுப் பூங்கா மாதிரி ஒரு திறந்த வெளியில் ஆள் தேர்வு, யார் வேண்டுமானாலும் வரலாம் என்று. ஒன்பதாவது டிவிஷனில் அடியிலிருந்து ஆரம்பித்து, ஒன்பதே வருடத்தில், 2011இல், ஃபுட்பால் லீகுக்குள் ஏறிவிட்டார்கள். 2020 நவம்பரில் பழைய மைதானம் இருந்த அதே பிளவ் லேன் தெருவில் கட்டிய புது மைதானத்துக்குத் திரும்பி வந்தார்கள். கோவிட் காலம், ஸ்டேடியம் காலி. கிளப் தொடங்கிப் பதினெட்டு வருடம் காத்திருந்தவன் முதல் மேட்ச்சை வீட்டில் டிவியில் பார்த்தான். ஆனாலும் அது அவன் மைதானம், கிளப்பில் பெரும் பங்கு ரசிகர்களின் டிரஸ்டிடம். 2025 ஜூலையில் இங்கிலாந்தில் சட்டமே வந்துவிட்டது. மைதானத்தை மாற்றக் கால்பந்து ஒழுங்குமுறை அமைப்பின் ஒப்புதல் வேண்டும், சின்னத்தையும் சொந்த மைதான ஜெர்சி நிறத்தையும் மாற்ற ரசிகர்களின் ஆதரவு வேண்டும்.

கவுன்சிலர் அம்மா இருக்கிறார்கள், அவர்கள் காதில் விழட்டும். தமிழ்நாட்டில் ஆடுகிற எந்தக் கிளப்பாக இருந்தாலும், ஊர், பெயர், நிறம், இந்த மூன்றை மாற்றுவதற்கு முன்னால் பதிவு செய்த ரசிகர்களின் ஓட்டு எடுக்கணும். அரசாங்க ஸ்டேடியத்தை வாடகைக்குக் கொடுக்கும்போதே ஒப்பந்தத்தில் அந்த வரியைச் சேர்த்துவிடலாம். கிளப்பை வாங்கித் தரச் சொல்லவில்லை, பங்குப் பணம் கேட்கவில்லை. ஒரு வரி. முதலாளிக்கு நஷ்டம் வந்தால் விற்கட்டும், அவர் கஷ்டம் எனக்கும் புரிகிறது, இந்த நாட்டில் கால்பந்து நடத்திச் சம்பாதித்தவர் யாரையும் நான் பார்த்ததில்லை. கேட்டுவிட்டுச் செய்யட்டும்.

டிக்கெட் விலை, தண்ணீர் பாட்டில் எல்லாம் பாக்கி இருக்கிறது. தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார், வானமும் இருட்டுகிறது, அண்டர் 14 பசங்க ஒரு மணி நேரமாகக் கோப்பையையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள்.

டீ கேன் பக்கத்தில் ஒரு நீள நோட்டு வைத்திருக்கிறேன். பெயர், தெரு, எந்த டீம் ரசிகர், கையெழுத்து. ஆயிரம் பேர் சேர்ந்ததும் எடுத்துக்கொண்டு போய் விளையாட்டுத் துறையில் கொடுக்கலாம், கோல்கீப்பர் அண்ணன் கூட வருகிறேன் என்றிருக்கிறார். கேரளா ரசிகர்களும் போடலாம், பெங்களூர் ரசிகர்களும் போடலாம், தனித்தனிப் பக்கம் வைத்திருக்கிறேன், சண்டை வேண்டாம். போட்டுவிட்டுப் பேனாவை அங்கேயே வையுங்கள். அது கவுன்சிலர் அம்மாவுடையது.

வணக்கம்.