துடி எங்கே போயிற்று?

அவையோருக்கு வணக்கம்.

வேலூரிலிருந்து குடியாத்தம், ஆம்பூர், வாணியம்பாடி என்று எந்தப் பக்கம் போய் ஊர் எல்லை அம்மனைப் பற்றி விசாரித்தாலும் ஒரு பதில் தவறாமல் வரும்: "ரொம்பத் துடியான சாமிங்க." வேண்டினால் உடனே கேட்கும், தப்பு செய்தால் உடனே தண்டிக்கும் என்று அர்த்தம். ஆடி மாதத்தில் அந்தச் சாமியின் முன்னால் பம்பை முழங்கும், உடுக்கை அதிரும், சிலம்பு குலுங்கும். ஆனால் துடி என்ற பறை அங்கே இருக்காது. துடிப்பு, துடியிடை, துடுக்கான பிள்ளையைத் துடியான பிள்ளை என்பது, இப்படிச் சொல் நம் வாயில் தினமும் புழங்குகிறது. கருவியைத்தான் காணோம்.

உரைநூலைத் திறந்தால் "துடி: உடுக்கை" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். இதை நான் ஏற்கவில்லை. சிலப்பதிகாரத்துக்கு உரை எழுதிய அடியார்க்கு நல்லார் தோற்கருவிகளை வரிசையாகச் சொல்லுகிற இடத்தைப் பாருங்கள். இடக்கை வருகிறது, உடுக்கை வருகிறது, தமருகம் வருகிறது, வரிசையின் கடைசிப் பக்கத்தில் துடியும் தனியாக வருகிறது. நான்கும் இடை சுருங்கிய பறைகள். ஒன்றே என்றால் அந்த மனிதர் நான்கு முறை எண்ணியிருக்க மாட்டார்.

வடிவம் ஒன்றாக இருக்கும்போது வேறுபாட்டை எங்கே தேடுவது? தோலை எது தொடுகிறது என்பதில் தேட வேண்டும். தமருகத்தில் கை தோலில் படாது. கயிற்று நுனியில் இருக்கும் முடிச்சு, கருவியைத் திருப்பித் திருப்பி ஆட்டும்போது இரண்டு கண்ணிலும், அதாவது தோல் போர்த்திய இரண்டு முகத்திலும், மாறி மாறி விழும். உடுக்கையில் வலக்கை விரல்கள் தட்டும், இடது கை இடுப்பைப் பிடித்து அமுக்கும். இடக்கை என்ற பறை தோளில் தொங்கும், மெல்லிய கோலால் அடிபடும். துடிக்குப் புறநானூறு சொல்லும் வினை 'எறிதல்'. "துடி எறியும்" என்கிறது 287ஆம் பாட்டு. எறிதல் என்றால் ஓங்கி அடிப்பது, விரலால் தட்டுவது இல்லை. இன்றைக்கும் குடகு நாட்டில் கையடக்கமான ஒரு பறையை இடது கையில் பிடித்து, சின்னக் கோலால் அடித்துப் பாடுகிறார்கள். அதன் பெயர் 'துடி'. வயநாட்டிலும் நம் கூடலூர்ப் பக்கத்திலும் பணியர் மக்கள் கோலால் அடிக்கும் இடை சுருங்கிய பறைக்கும் அதே பெயர்தான். சமவெளித் தமிழர் கைவிட்ட பெயரை மலைக்காரர்கள் கருவியோடு சேர்த்தே வைத்திருக்கிறார்கள். நாலு புத்தகச் சான்றைவிட எனக்கு இது பெரிய சான்று.

இதைத் துடியடித்தவர்களின் பெயரிலிருந்தும் பார்க்கலாம். புறநானூறு 335: "துடியன் பாணன் பறையன் கடம்பன் என்று இந்நான்கு அல்லது குடியும் இல்லை." துடியன் வேறு, பறையன் வேறு என்று எண்ணுகிறது பாட்டு. மேலும், துடியனை முதலில் வைக்கிறது. அதே தொகையின் 287ஆம் பாட்டு துடியடிப்பவனைப் பிறப்பால் தாழ்த்தும் சொல்லால் விளிக்கிறது. இரண்டும் ஒரே நூலில் இருப்பதை மறைக்காமல்தான் சொல்ல வேண்டும். 285ஆம் பாட்டில் பாசறையில் துடியன் கையில் வேல் இருக்கிறது, பாணன் கையில் கேடயம் இருக்கிறது. 291ஆம் பாட்டில் விழுந்து கிடக்கும் வீரனைப் பறவைகள் அண்டாமல் காக்கும்படி துடியரைக் கூப்பிடுகிறார்கள். போருக்கு முன்பும் போரின் நடுவிலும் பிணத்தின் பக்கத்திலும் ஆள் அவன்தான்.

இது நம் மண்ணின் கதையும்கூட. பழைய வட ஆற்காடு மாவட்டம் நடுகற்களின் மாவட்டம். 1989இல் திருவண்ணாமலை பிரிந்தது, 2019இல் இராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தன. கற்கள் நின்ற இடத்தில் நிற்கின்றன. 'தொறு' என்றால் மாட்டு மந்தை. தொறுக் கொண்டவன், தொறு மீட்டுப் பட்டவன் என்று கற்கள் பேசுகின்றன. செங்கம் பகுதி எடுத்தனூர்க் கல் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. எருமைகளைக் காத்து மாண்ட கருந்தேவகத்திக்கும், கள்ளரைக் கடித்துக் காவல் நின்ற கோவிவன் என்ற நாய்க்கும் சேர்த்து நட்ட கல் அது. இந்த ஆநிரைப் போர்தான் இலக்கணத்தில் வெட்சி. வெட்சிப் படலத்தில் 'துடிநிலை' என்றே ஒரு துறையைப் புறப்பொருள் வெண்பாமாலை வைத்திருக்கிறது. பாலைத் திணைக்குரிய பறை துடி என்று பள்ளிப் பிள்ளைகள் மனப்பாடம் செய்கிறார்களே, அதன் பொருள் இந்தக் கற்களுக்குப் பக்கத்தில் நின்றால்தான் விளங்கும்.

இனி கருவிக்கு வருகிறேன். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. துடியைத் திரும்பச் செய்து பார்க்க விரும்பும் இளைஞர்களுக்காகச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

கட்டை ஒரு சாண் நீளம் போதும், ஏறக்குறைய 9 அங்குலம். கண் நான்கு அங்குலம், இடுப்பு ஒரு பிடிக்குள் அடங்க வேண்டும். பலா நல்ல மரம். வெட்டிய உடனே குடைந்தால் வெடிக்கும். துண்டின் இரு முனையிலும் சாணியைக் கெட்டியாகப் பூசி நிழலில் போட்டுவைக்க வேண்டும். முனை வழியாகத்தான் ஈரம் வேகமாக ஓடும், அந்த வேகத்தில்தான் விரிசல் விழும். குடையும்போது இரண்டு பக்கமிருந்தும் கிண்ணம்போல் இறங்கி நடுவில் சந்திக்க வேண்டும். இடுப்புத் துளையை அடைத்துவிட்டால் இரண்டு கண்ணும் தனித்தனியாகப் பேசும். துளை திறந்திருந்தால் ஒரு கண்ணில் விழும் அடி உள்ளிருக்கும் காற்றின் வழியே மறு கண்ணையும் அசைக்கும். வாய் விளிம்பைக் கூராக விடாதீர்கள். கூரான விளிம்பு நாள்பட நாள்பட தோலை உள்ளிருந்து அறுக்கும். உப்புத்தாளால் லேசாக உருட்டிவிடுங்கள்.

அடுத்தது தோல். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை என்று ஊரெல்லாம் தோல் தொழில் நடக்கும் வட்டாரம் இது. ஆனால் பதனிட்ட தோல் ஒரு துண்டுகூடப் பறைக்கு உதவாது. ஆவாரம் பட்டையில் ஊறினாலும் குரோமில் ஊறினாலும் தோலின் நார் மெத்தென்று ஆகிவிடும். காய்ந்தாலும் மீண்டும் விறைக்காது. செருப்புக்கு வேண்டிய குணம் அது. அடித்தால் 'பொத்' என்று அதிர்வை விழுங்கிவிடும். பறைக்கு வேண்டியது பச்சைத்தோல். ஈரத்தில் நெகிழ்ந்து, இழுத்த நிலையில் காய்ந்து, காயும்போது தானே இன்னும் இறுகும் தோல். சிறிய கண்ணுக்கு இளம் ஆட்டுத்தோல் சரியாக இருக்கும். முரசுக்கு மயிரைச் சீவாமல் எருதின் தோலைப் போர்த்தினார்கள். "மயிர்க்கண் முரசம்" என்ற தொடரே இருக்கிறது. அது கனத்த குரலுக்கு. துடிக்கு மயிரை நீக்கியே ஆக வேண்டும். சுண்ணாம்பில் ஊறவைத்தால் மயிர் எளிதில் கழன்றுவிடும். அளவு மீறினால் நாரும் சேர்ந்து இற்றுப்போகும், இழுக்கும்போது தோலை மாட்டும் வளையத்தின் ஓரத்தில் கிழியும். பெரும்பாலான தோல்வி இங்கேதான் நடக்கிறது.

வளையம் வாயைவிட ஒரு விரல் அகலம் பெரியதாக இருக்க வேண்டும். நனைந்த தோலை வளையத்தின்மேல் போர்த்தி, ஓரத்தை உள்ளே மடித்து, நிழலில் காயவிடுங்கள். வெயிலில் வைத்தால் ஓரம் முதலில் காய்ந்து நடு தொய்ந்துவிடும். இரண்டு வளையத்திலும் துளை எண்ணிக்கை ஒன்றாக இருக்க வேண்டும். ஆறு துளை போதும். துளையை வளையத்தை ஒட்டிப் போடுங்கள், தள்ளிப் போட்டால் தோல் கிழிந்து வரும். வாரை மேலும் கீழுமாகக் கோத்து விசிக்கும்போது, அதாவது இறுக்கிக் கட்டும்போது, வரிசையாக இழுக்கக் கூடாது. ஒரு துளையை இழுத்தால் அடுத்து அதற்கு நேரெதிர்த் துளையை இழுக்க வேண்டும். பிறகு ஒவ்வொரு துளைக்கும் அருகே தோலை விரலால் தட்டிக் கேளுங்கள். ஆறு இடத்திலும் ஒரே குரல் வந்தால் விசி சரி. ஓரிடத்தில் குரல் தாழ்ந்தால் அந்த வார் தொய்ந்திருக்கிறது.

துடியின் குரல் ஏன் கூர்மை என்று கேட்டால் கணக்கு எளிது. ஒரே தோல், ஒரே இறுக்கம் என்றால் கண்ணின் குறுக்களவு பாதியாகும்போது சுருதி ஒரு ஸ்தாயி ஏறும். இறுக்கத்தால் மட்டும் அதே ஸ்தாயியை ஏற்ற நான்கு மடங்கு இழுக்க வேண்டும், தோல் தாங்காது. ஆகவே கண்ணைச் சிறிதாக்கினார்கள். பெரும்பறையின் உறுமலுக்கு மேலே ஏறி ஒலிக்க இது ஒன்றே வழி. "துடியொடு சிறுபறை வயிரொடு துவைசெய" நள்ளிரவில் எயினர் என்ற வேட்டுவர் வருவதைச் சிலப்பதிகாரத்தின் வேட்டுவ வரி பாடுகிறது. அந்தக் கூட்ட ஒலியில் துடி முதலில் நிற்பது எனக்கு வியப்பாக இல்லை.

நம் ஊர் வெயிலைப் பற்றியும் சொல்ல வேண்டும். சித்திரை வைகாசியில் வேலூர் 40 டிகிரியைத் தாண்டும். காலையில் இறுக்கிக் கட்டிய பறையை மதியம் அப்படியே விட்டால் தோல் தானாகவே இழுத்துக்கொண்டு, ஒரு 'டப்' சத்தத்தோடு கிழியும். வாசித்து முடித்ததும் வாரை நெகிழ்த்திவிடுங்கள். ஐப்பசி மழையில் நேர் எதிர்: தோல் ஈரம் குடித்துத் தொய்யும். தணலுக்கு ஒரு முழம் தள்ளிப் பிடித்து, சுழற்றிக்கொண்டே காய்ச்ச வேண்டும். சுடரில் காட்டினால் ஓரிடம் கருகி நொறுங்கும்.

பெயர் எப்படி மங்கியது என்பதற்கும் ஒரு தடயம் இருக்கிறது. உண்மை விளக்கம் என்ற சைவ சித்தாந்த நூல் "தோற்றம் துடியதனில்" என்று கூத்தப்பெருமான் கையிலிருப்பதைத் துடி என்கிறது. சிற்பி அங்கே வடிப்பது தமருக வடிவம். வெட்சிப் போர் ஓய்ந்தது, துடியனின் வேலை ஓய்ந்தது, பெயர் இறைவன் கைக்கு ஏறியது. கோல் போய் விரல் வந்தபோது, உடுக்கை என்ற பெயர் மீதியை வாங்கிக்கொண்டது. இது என் கணிப்பு. சான்றுகள் இந்தத் திசையில்தான் போகின்றன.

கடைசியாக ஒரு வரி. பெரும்பாணாற்றுப்படை தொண்டைநாட்டு மன்னன் இளந்திரையனைப் பாடியது, அதாவது நம் நாட்டுப் பாட்டு. அதில் எயினர் குடியிருப்பு வருகிறது. "கடுந்துடி தூங்கும் கணைக்காற் பந்தர்" என்கிறார் புலவர். திரண்ட கால் நட்ட பந்தலில் துடி தொங்குகிறது. அடுத்த அடியிலேயே "தொடர்நாய் யாத்த" என்று சங்கிலியில் கட்டிய நாயையும் காட்டுகிறார். தரையில் வைத்தால் ஈரம் ஏறும், தோல் தொய்யும். நாய் கட்டிய முற்றத்தில் பச்சைத்தோலைத் தாழ வைத்தால் மறுநாள் கட்டைதான் மிஞ்சும். அதனால்தான் உயரத்தில், காற்றாட, நிழலில் தொங்கவிட்டிருக்கிறார்கள்.